தீவைச் சுற்ற நான்கு நாள்

ரொட்டி ஏற்றிய வேன் இது.
எட்டாயிரம் வெள்ளிக்கு வாங்கி
பின்னால் பலகைக் கட்டில் அடித்தோம்.
எத்தனை முறை கழுவியும்
வெயில் ஏறினால் பன் வாசம் எழும்பும்.
தரையை நக்கிப் பார்ப்பான் கிச்சாப்.
கிச்சாப் எங்கள் நாய்.
சோயா சாஸ் புட்டியைக் கவிழ்த்ததுபோல்
ஒரு மழை இரவில் லிப்ட் வாசலில்
கறுப்பாய்ப் பரவிக் கிடந்தவன்.

தீவைச் சுற்றிவர
இரண்டரை மணி நேரம் போதும்.
நாங்கள் நான்கு நாள் லீவு போட்டோம்.
எங்கே என்று கேட்ட சூப்பர்வைசரிடம்
வெளியூர் என்றார் குணசீலன்.
பொய்யில்லை.
ஜெலுத்தோங்கில் எங்கள் ஜன்னலை விட்டால்
மற்றதெல்லாம் வெளியூர்தான்.

முதல் நாள் தெலுக் பகாங்.
காட்டு வாசலில் ஒரு பலகை,
நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு.
குரங்குக்குக் கோடில்லை.
ஒன்று வந்து எங்கள் பிஸ்கட் பொட்டலத்தை
வரி வசூலிப்பதுபோல் வாங்கிப் போனது.
கிச்சாப் என் கால்களுக்கு நடுவே நின்று
மிக மெதுவாகக் குரைத்தான்,
அதற்குக் கேட்டுவிடாதபடி.

மறுநாள் பாலிக் பூலாவ்.
வயல் வரப்பில் ஆறு கிலோமீட்டர்.
அவனுக்குப் பதினைந்து இருக்கும்,
முன்னால் ஓடி ஓடி
எங்களைப் பார்க்கத் திரும்பி வந்ததையும் சேர்த்தால்.
கம்போங் வீட்டு அம்மா ஒருத்தி
வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.
கிட்டே வரவில்லை; வரமாட்டாள், தெரியும்.
உள்ளே போனாள்.
ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து
வேலிக்கால் அடியில் வைத்துவிட்டு
ஐந்தடி பின்னால் போய்
அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தாள்.
சிரட்டை அவனுக்கே இருக்கட்டும் என்றாள்,
மலாயில், சிரித்துக்கொண்டு.

மூன்றாம் நாள் முழுக்க மழை.
கூரையில் ஓட்டை எங்கே என்று அன்றுதான் தெரிந்தது:
என் தலையணைக்கு நேர் மேலே.
கேஸ் அடுப்பில் மேகி கொதித்தது.
கிச்சாப்பை எடு என்றார் குணசீலன்.
நாய் எழுந்து வந்தது.
இருபத்தெட்டுச் சதுர அடி,
இருபத்திரண்டு வருடக் கல்யாணம்,
யார் முதலில் புரண்டு படுப்பது என்பதற்கு
ஓட்டெடுப்பு நடத்தினோம்.
அவன் இருவருக்கும் குறுக்கே படுத்து
தேர்தலை ரத்து செய்தான்.

நான்காம் நாள் மலை.
ஆயிர் ஈத்தாமில் வேனை விட்டு
ஜீப் பாதையில் ஏறினோம்.
என் சாக்ஸில் மூன்று அட்டை.
வளைவுக்கு வளைவு அவன் நின்று
எங்களை எண்ணிக்கொண்டான்: ஒன்று, இரண்டு, சரி.
மரங்கள் விலகிய ஓரிடத்தில்
பாலம், கப்பல்கள், தீவின் கிழக்குப் பக்கம் முழுதும்.
குணசீலன் விரல் நீட்டி, கூரை கூரையாகக் கடந்து
எங்கள் பிளாக்கைக் கண்டுபிடித்தார்.
பதினோராம் மாடி.
துணிக்கம்பில் ஒரு மஞ்சள் புள்ளி.
எடுக்க மறந்த துண்டு அது என்றேன்.
அவ்வளவு தூரத்தில் தெரியாது.
எனக்குத் தெரிந்தது.

அங்கேதான், லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில்
நிர்வாகத்தின் கடிதம் ஒட்டியிருக்கிறது.
பிராணிகள் கூடாது. பதினான்கு நாள் அவகாசம்.
அதற்குப் பிறகுதான் வேன் வாங்கினோம்.
விடுமுறை என்ற சொல்லை
அதற்கும் பிறகு.

இறங்கும்போது அவன் முன்னால் ஓடினான்.
வீடு எந்தப் பக்கம் என்று
அவனுக்குச் சந்தேகமே இல்லை.
பன் வாசம் வரும் பக்கம்.

இரவு.
எங்கள் பிளாக்கின் அடியில்
வண்டி நிறுத்தும் கட்டம், எண் நாற்பத்தேழு.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு
சிரட்டையில் தண்ணீர் ஊற்றினோம்.
காசு சுண்டினோம்.
கீழே நான் என்று விழுந்தது.
கொசுவத்தியைப் பற்ற வைத்துக் கொடுத்துவிட்டு
துண்டை எடுக்க மேலே போனார் குணசீலன்.

பத்து நிமிடத்தில் போன்:
அந்தத் துண்டு நம்முடையது இல்லை,
பக்கத்து வீட்டுக் கம்பு அது.
நம் கம்பில் ஒன்றுமே இல்லை.

தூங்கு என்றேன்.
இங்கே ஒருவன்
இன்னும் தரையை நக்கிக்கொண்டிருக்கிறான்.